மச்சச் சட்டிக்கு முன்னால் கை நடுங்குகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குக் கொடுக்கிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் திருகோணமலைப் பள்ளிக்கூடங்களுக்கு நியமனம் கிடைத்த இளம் ஆசிரியைகள். பதுளை, ஹற்றன், வவுனியா என்று கடல் எட்டாத ஊர்ப் பிள்ளைகள். வந்த முதல் மாதம் எல்லோருடைய அடுப்பிலும் ஒரே சமையல்தான்: பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு, ரின் மீன். எங்கள் வீடு இருக்கிற உவர்மலையால் இறங்கினால் கடல். இருந்தும் குசினிக்குள் ரின் வெட்டுகிற சத்தம் கேட்கும். ஏன் பிள்ளை, நல்ல மீன் வாங்கிச் சமைத்தால் என்ன என்று கேட்டால், "பயமா இருக்கு ஆன்ட்டி" என்பார்கள்.

அந்தப் பயம் எனக்கு விளங்கும். நானும் வவுனியாவில் விரால் தின்று வளர்ந்தவள். கல்யாணம் கட்டி இங்கே வந்த கிழமை மாமி ஒரு முழுப் பாரையைக் கையில் தந்தபோது அழுகை வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றும் விட்டேன். இப்போது நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். வாங்கிய மீனைச் சொப்பிங் பையில் போட்டு வெயிலுக்குள் ஒரு மணித்தியாலம் கொண்டு திரிய ஒருவருக்கும் பயமில்லை. அடுப்பில் வைத்த பிறகுதான் நடுக்கம். வெந்ததோ வேகவில்லையோ என்று அரை மணித்தியாலம் கொதிக்க விட்டு, சக்கையாகிப் போனதைத் தின்றுவிட்டு, மீன் தனக்குச் சரிவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சந்தைக்கும் சட்டிக்கும் இடையில் கிடக்கிற அந்த நேரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். சட்டிக்குள் இறங்கிய மீனுக்கு ஏழு எட்டு நிமிடம் போதும்.

சந்தையில்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. அதனால் சனிக்கிழமை விடியத்தான் புதிதாக வந்த பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிப்போவேன், வெயில் ஏறுவதற்கு முன்னால். சாம்பல்தீவு, சல்லிப் பக்கம் கரைவலை இழுக்கிற நாளென்றால் சூடை, கீரி, நெத்தலி எல்லாம் மினுங்கிக்கொண்டு வரும்.

மீனின் பெயர் தெரியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடக் கறியைச் சொல்லிக் கேட்பது நல்லது. "அண்ணை, நாலு பேருக்குச் சொதி வைக்க வேணும், முள்ளு குறைஞ்ச மீனாப் பார்த்து வெட்டித் தாங்கோ." இவ்வளவுதான். அவர் விளைமீனையோ பாரையையோ தூக்கிக் காட்டுவார். காசு கையில் இருந்தால் அறக்குளா. நடுமுள்ளைத் தவிர அதில் தொந்தரவு குறைவு.

தூக்கிக் காட்டியதும் மூன்று இடத்தைப் பாருங்கள். கண் தெளிவாக, சற்று வெளியே தள்ளி நிற்க வேண்டும். குழி விழுந்து புகை படிந்த மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள். செவிளைத் தூக்கினால் உள்ளே நல்ல சிவப்பு இருக்க வேண்டும், மண்ணிறம் ஆகாது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். வெட்டித் துண்டாக வைத்த மீனில் கண்ணும் இல்லை, செவிளும் இல்லை. ஆகவே முதல் ஆறு மாதம் முழு மீனாகப் பார்த்து, கண் முன்னால் வெட்டுவித்து வாங்குங்கள். செதில் எடுப்பது, குடல் எடுப்பது, துண்டு போடுவது எல்லாம் அங்கேயே செய்து தருவார்கள். துண்டு இரண்டு விரல் தடிப்பு இருக்கட்டும். மெல்லிய துண்டு சட்டியில் உடையும்.

ஓரா வாங்கினால் மட்டும் முள்ளை அங்கேயே வெட்டச் சொல்லுங்கள். அதன் முதுகுச் செட்டை முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் உயிர் போகிற வலி. குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி இறங்கும். ஆனால் சொதிக்கு ஓராவைப் போல் ருசி வேறொன்றுக்கு இல்லை என்பது என் எண்ணம். கொஞ்சம் கை பழகிய பிறகு அதற்கு வாருங்கள்.

இனி, பயப்பட வேண்டிய இடம். என் கணவர் ஒருநாள் ஒன்பது மணிக்கு நல்ல சூரை ஒன்று வாங்கினார். அதை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வேறு இரண்டு அலுவல் பார்த்து, பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். வைகாசி மாதம், கச்சான் காற்று அனலாக அடிக்கிற நாள். மீனில் கெட்ட மணம் இல்லை, நிறமும் மாறவில்லை. பழப்புளி விட்டுக் கறி வைத்தேன். சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் அவருக்கு முகமும் கழுத்தும் செக்கச் சிவந்து, தலையிடி, உடம்பெல்லாம் கடி. ஒவ்வாமை என்றுதான் நான் நினைத்தேன். வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, மீன் எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்பது.

சூரை, கும்பளா, அறக்குளா, சூடை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்றொரு பொருள் நிறைய இருக்கிறது. சூட்டில் கிடந்தால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்தச் சிவப்பையும் கடியையும் கொண்டுவருவது அதுதான். ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, பிரிட்ஜில் வைத்தாலும் போகாது. மூக்குக்கும் தெரியாது. வாயில் வைத்ததும் நாக்கில் மிளகு கடித்த மாதிரிச் சுள்ளென்றால் துப்பிவிட்டுச் சட்டியோடு கொட்டுங்கள். மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தப்புகிற வழி மலிவானது. சூடு புகாத ஒரு சின்ன றெஜிபோம் பெட்டி. மீன்காரரிடமே தூள் ஐஸ் கேளுங்கள். கீழே ஒரு படை, மேலே ஒரு படை, நடுவில் மீன். சந்தையில் மரக்கறி, தேங்காய் எல்லாவற்றையும் வாங்கி முடித்துக் கடைசியில் மீன் வாங்குங்கள். நேரே வீட்டுக்கு வாருங்கள். எங்கள் மேல்மாடியில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெட்டி நானே வாங்கி வைத்திருக்கிறேன், சாவியோடு சேர்த்துத்தான் கொடுப்பேன்.

பழகத் தொடங்கப் பங்குனியிலிருந்து புரட்டாதி வரை நல்ல காலம். கடல் அடங்கி இருக்கும், மீன் மலிவு. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு கடல் கொந்தளிக்கும்; படகு இறங்காத நாட்களில் சந்தையில் இருப்பது ஐஸில் கிடந்த மீன்தான். அந்த நாட்களில் கருவாடு வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம்.

முதல் கறி: சொதி

எல்லோருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது சொதி. எண்ணெய் தெறிக்காது, தூள் கருகாது, பிழை விட்டாலும் திருத்தலாம்.

நாலு பேருக்கு மீன் 500 கிராம். ஒரு தேங்காய் துருவி, முதற்பால் 1 கப் தடிப்பாக, இரண்டாம் பால் 2 கப். சின்ன வெங்காயம் 10, பச்சைமிளகாய் 4, உள்ளி 3 பல்லு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, ஒரு நெட்டு கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, தேசிக்காய் 1, உப்பு.

மீனை உப்பும் மஞ்சளும் பிரட்டி ஒருதரம் கழுவி, வடிய விடுங்கள். மணம் போகவில்லை என்று நாலைந்து தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். ஊறினால் ருசி தண்ணீரோடு போகும், சதை பொருமும். மணத்துக்குத் தேசிக்காய்ப் புளியே மருந்து.

மண்சட்டியில் இரண்டாம் பாலை விட்டு, வெங்காயம், மிளகாய், உள்ளி, வெந்தயம், மஞ்சள், ரம்பை, பாதிக் கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் மீன் இல்லாமல் போட்டு மெல்லிய நெருப்பில் வையுங்கள். பத்து நிமிடம். வெங்காயம் நசுங்குகிற பதம் வரட்டும். வேக நேரம் எடுக்கிற சாமான் எல்லாம் மீனுக்கு முன்னாலேயே வெந்துவிட வேண்டும். பிறகு மீனுக்காக மட்டும் நின்றால் போதும்.

இப்போது மீனை ஒவ்வொரு துண்டாக இறக்குங்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறக்கூடாது. அகப்பையை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிடுங்கள், அது இனித் தேவையில்லை. கலக்க வேண்டுமென்றால் சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து மெல்லச் சுற்றி ஆட்டுங்கள்.

இந்த ஏழு நிமிடம் சட்டிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நிமிடத்தில் துண்டின் ஓரம் வெளுக்கத் தொடங்கும். அந்த வெளுப்பு ஓரத்திலிருந்து நடுமுள்ளை நோக்கி மெல்ல நடந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐந்தாம் நிமிடத்தில் முள்ளைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் மிஞ்சியிருக்கும். அது மறைந்து, கரண்டி நுனியால் தொட்டதும் சதை இதழ் இதழாக விலகினால் மீன் வெந்துவிட்டது. பதுளைப் பிள்ளை ஒருத்தி அந்த வளையம் மறைகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். "வெந்துருச்சா ஆன்ட்டி?" "வெந்திட்டுது பிள்ளை, முதற்பாலை விடு." "நிஜமாவா? ஏழு நிமிஷம்தானே?" ஆட்டிறைச்சி வேகிற கணக்கு அவள் மனதில் இருந்தது. மீன் தண்ணீரில் மிதந்து வாழ்கிறது. உடம்பைச் சுமந்து நடக்கிற ஆட்டுக்கு இருக்கிற அளவு தடித்த நாரும் சவ்வும் அதற்கு இல்லை. அதனால்தான் இவ்வளவு கெதியாக வேகிறது.

முதற்பாலை விட்டதும் நெருப்பைக் குறையுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் இறக்கிவிடுங்கள். கொதிக்க விட்டால் பால் திரையும். இறக்கி இரண்டு நிமிடம் சென்ற பிறகு தேசிக்காயைப் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தாலும் திரையும். மீதிக் கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு மூடுங்கள். திரைந்தாலும் கொட்ட வேண்டாம். பார்வைக்குத்தான் குறை, ருசியில் இல்லை. இடியப்பத்துக்கு, புட்டுக்கு, பாணுக்கு எதற்கும் விட்டுச் சாப்பிடலாம்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, எங்கள் ஒழுங்கையில் மாதக்கணக்காக ஒருவரும் மீன் வாங்கவில்லை. கடலைப் பார்க்கவே மனம் வரவில்லை. ஒரு காலை மாமி ஒன்றும் சொல்லாமல் மச்சச் சட்டியை எடுத்துக் கழுவினார். அன்று அவர் வைத்ததும் சொதிதான். ஒருவரும் கதைக்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டோம். நான் சொதியிலிருந்து தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொரியல்

இதில் பயம் எண்ணெய் தெறிப்பதற்கு. தெறிப்பது தண்ணீரால். மீனில் ஈரம் இல்லையென்றால் பாதித் தெறிப்பு நின்றுவிடும். கும்பளாவோ சூடையோ, கழுவி வடித்து, துணியால் ஒற்றி எடுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி பிரட்டிக் கால் மணித்தியாலம் வையுங்கள். எண்ணெயில் ஒரு கறிவேப்பிலையைப் போட்டால் உடனே சடசடக்க வேண்டும். அந்தச் சூட்டில் மீனை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து இறக்குங்கள். மூன்று நிமிடம் தொடாதீர்கள். பொரிந்த பக்கம் தானாகவே தாச்சியை விட்டுக் கழரும். கழராவிட்டால் இன்னும் பொரியவில்லை என்று அர்த்தம். இழுத்துப் பிய்ப்பதால்தான் தோல் போகிறது.

கணவாய்

கணவாய் என்றால் றப்பர் என்று சொல்லாதவர் இல்லை. அது கணவாயின் குற்றமில்லை, நேரத்தின் குற்றம். கணவாய்க்கு இரண்டு வாசல்தான். ஒன்று, நெருப்பை நன்றாக ஏற்றி இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்குவது. மற்றது, மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம் வரை விடுவது. சூடு பட்டதும் சதை சுருங்கி இறுகும். நீண்ட நேரம் வெந்தால் அந்த இறுக்கத்தைப் பிடித்துவைத்திருக்கிற கொலாஜன் கரைந்து மறுபடி மெத்தென்று ஆகும். பத்து நிமிடத்தில் இறக்கினால் இரண்டும் இல்லாத நடுவழியில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

மேலே சொன்ன பதுளைப் பிள்ளை ஒரு ஞாயிறு தானாகவே ஊசிக்கணவாய் வாங்கி, சொதியை நினைத்துக்கொண்டு எட்டு நிமிடத்தில் இறக்கிவிட்டாள். கடிக்க முடியவில்லை. குப்பையில் கொட்டப்போன கையோடு படியிறங்கி வந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். கொட்டாதே பிள்ளை என்று, ஒரு கப் சுடுதண்ணீர் விட்டு, மூடி, சின்ன நெருப்பில் திரும்ப ஏற்றினோம். நாற்பது நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது தண்ணீர் வற்றி, குழம்பு கணவாயோடு ஒட்டிக் கறுத்துச் சிவந்து கிடந்தது. கரண்டியால் அழுத்தினாள், வெட்டுப்பட்டது. கண் விரிந்து போயிற்று. கல்லாகிய கணவாய்க்கு இன்னும் நேரம் கொடுத்தால் மீளும். மீனும் இறாலும் அப்படி மீளாது.

ஆகவே பயந்தவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வாசல். அங்கே ஐந்து நிமிடம் கூடிக் குறைந்தாலும் ஒன்றுமில்லை.

500 கிராம் ஊசிக்கணவாயைச் சந்தையிலேயே துப்புரவாக்கித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து உடலுக்குள் விரலை விட்டு, கண்ணாடி ஈர்க்கு மாதிரி ஒன்று மிஞ்சியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வளையமாக வெட்டுங்கள். தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், கொஞ்சம் பெருஞ்சீரகம், இரண்டு பெரிய வெங்காயம், இடித்த உள்ளி இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை. வெங்காயம் பொன்னிறமானதும் கணவாயைப் போட்டு, மஞ்சளும் 2 தேக்கரண்டி கறித்தூளும் சேர்த்துப் பிரட்டி மூடுங்கள். தண்ணீர் விட வேண்டாம், கணவாயே நிறைய விடும். அந்தத் தண்ணீரைக் கண்டு பதறி நெருப்பை ஏற்றாதீர்கள். 35 நிமிடம் சென்று ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கடைசியில் அரைக் கப் தேங்காய்ப்பால் விட்டு வற்ற விடுங்கள். உப்பு அப்போதுதான். கணவாய் பாதியாகச் சுருங்கும், முதலில் போட்ட உப்பு இரட்டிப்பாக நிற்கும்.

இறால்

கிண்ணியாப் பக்கத்துக் களப்பு இறால் கிடைத்தால் விடாதீர்கள். கோது உரித்து, முதுகைக் கீறிக் கறுத்த குடலை இழுத்துவிடுங்கள். வெங்காயம், மிளகாய், தூள் எல்லாம் வதங்கிக் குழம்பு தயாரான பிறகு, கடைசி மூன்று நாலு நிமிடத்துக்குத்தான் இறால். பிறை மாதிரி வளைந்து சிவந்தால் வெந்துவிட்டது. வால் தலைப்பக்கத்தைத் தொட்டு முழு வளையமானால் கூடிவிட்டது. உரித்த தலையையும் கோதையும் கொட்டாமல் அவித்து வடித்து, அந்தத் தண்ணீரைச் சொதிக்கு விடுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாத ஆட்கள் உண்டு. விருந்துக்கு வைப்பதானால் முன்கூட்டியே கேளுங்கள்.

நண்டைப் பற்றி இப்போது எழுதவில்லை. உயிரோடு வாங்கி, உயிரோடு வீடு கொண்டுவந்து, உடனே வெட்ட வேண்டிய சாமான் அது. இந்த நாலும் கை பழகிய பிறகு பார்க்கலாம்.

முள்ளுக்குப் பயந்தவர்களுக்கு: வறை

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் இது நல்லது. மீனை அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுப்பதுதான் வறை. அதற்குச் சுறா என்பது ஊர் வழக்கம். நான் இப்போது பாரையிலும் சூரையிலும் செய்கிறேன். 500 கிராம் துண்டை உப்பு, மஞ்சள் போட்டுக் கொஞ்சத் தண்ணீரில் எட்டு நிமிடம் அவியுங்கள். ஆற விட்டு, தோலை நீக்கி, விரலால் உதிர்த்துக்கொண்டே போனால் முள் ஒவ்வொன்றும் விரலில் தட்டுப்படும். அவசரப்படாதீர்கள், வெளிச்சமான இடத்தில் இருந்து செய்யுங்கள். உதிர்த்த மீனோடு அரைக் கப் தேங்காய்ப்பூ, இடித்த மிளகு, உப்பு பிசறி வையுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையை எண்ணெயில் வதக்கி, அதற்குள் மீனைக் கொட்டி, ஈரம் போய் உதிரி உதிரியாக வரும்வரை ஆறேழு நிமிடம் வறுங்கள். இறக்கித் தேசிக்காய்ப் புளி.

வீடு மணக்கும் என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. மணப்பது சமைத்த மீனைவிடக் கழுவிய தண்ணீரும் குப்பையும்தான். கழுவிய தண்ணீரை உடனே வாழையடியில் ஊற்றுங்கள். குடல், செதிலை மண்ணில் தாட்டுவிடுங்கள். பிழிந்த தேசிக்காய்க் கோதால் பலகையையும் கையையும் தேய்த்துக் கழுவுங்கள்.

மிஞ்சினால், சொதியை இரவுக்கு வைக்காதீர்கள், அன்றைய மத்தியானத்தோடு முடித்துவிடுங்கள். தேங்காய்ப்பால் இந்தச் சூட்டில் தாங்காது. வறையும் கணவாயும் ஆறியதும் பிரிட்ஜுக்குப் போகலாம், அடுப்பால் இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள். கணவாய்ப் பிரட்டல் அடுத்த நாள் காலையில் பாணோடு இன்னும் நன்றாயிருக்கும். அதை நினைத்து நான் எப்போதும் ஒரு 200 கிராம் கூட்டித்தான் வாங்குவேன்.